ரெண்டு கொக்கி

தொண்ணூறு நாள் கெடு முடிந்து
இன்றைக்கு நாற்பத்தோராம் நாள்.
கீழே நைட் ஷிப்ட்.
ஓவர்லாக் சத்தம் படியேறி வந்து
மேசையில் டீ டம்ளரை நடுங்க வைக்கிறது.

ஹெல்வார்டு டிரேடிங்
என்று அடித்தேன்.
நாலு லட்சம் முடிவுகள்.
ஹெல்வார்டு என்றொரு ஊர், அங்கே மழை.
ஹெல்வார்டு என்றொரு பந்தாட்டக்காரன், முழங்காலில் அடி.
டிரேடிங் படித்தால்
வீட்டிலிருந்தே லட்சம் வரும் என்கிறான் கோட்டு போட்ட ஒருத்தன்.
என் லட்சம் எங்கே என்றுதானப்பா
தேடிக்கொண்டிருக்கிறேன்.

முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று
ரெண்டு சொல்லையும் சேர்த்துக் கொக்கி போட்டேன்,
ரவிக்கைக்குப் போடுகிற மாதிரி.
ஊர் கழன்றது. பந்தாட்டக்காரன் நொண்டிக்கொண்டே போனான்.
மிச்சம் இரண்டாயிரத்துச் சொச்சம்.

எடுத்ததும் அவர்கள் கடைதான்.
வரிசையாகச் சிரிக்கிற பிள்ளைகள்.
மூன்றாவது பிள்ளை போட்டிருப்பது
நான் ஏற்றிய மஞ்சள் கோடு.
கழுத்து ரிப்பைப் பெரிதாக்கிப் பார்த்தேன்;
என் கம்பெனித் தையல் எனக்குத் தெரியாதா.
பதினான்கு யூரோ.
இருப்பு தீர்ந்தது.
தீர்ந்ததா?
சாயம் ஒட்டவில்லை, சரக்கு அப்படியே கிடக்கிறது என்று
போன வாரம்தானே மெயில் போட்டாய்?

அடுத்து ஒரு சின்னக் கோடு. கழித்தல்.
இடம் விடாமல் ஒட்டிப் போட வேண்டும்,
விட்டால் பலிக்காது.
அதன் பின்னால் அவன் கடை விலாசத்தைப் போட்டேன்.
சம்பந்தம் பேசுமுன்
அந்த வீட்டு ஆட்களை விட்டுவிட்டுப்
பால் ஊற்றுகிறவரிடம் கேட்போமே, அப்படி.
தன்னைப் பற்றி அவன் சொன்னதெல்லாம் போய்
பிறத்தியார் சொன்னது நின்றது.
இன்னொரு கோடு: கூப்பன்.
இன்னொரு கோடு: வேலைவாய்ப்பு.
தைக்கு அப்புறம் வந்தது மட்டும்.
கடைசியில், பேச்செல்லாம் வேண்டாம்
தாளாக இருந்தால் காட்டு,
பிடிஎஃப் மட்டும் என்றேன்.

நாலே நாலு.

மூன்றாவது, ஏதோ ஒரு கோர்ட்டு.
மொழி தெரியாது. முத்திரை தெரிந்தது.
ஒவ்வொரு வரியாய் மொழிபெயர்ப்பில் ஒட்டினேன்:
நொடிப்பு.
கடன் கொடுத்தோர் பட்டியல்.
கப்பல்காரன், கரண்ட்டுக்காரன், அட்டைப்பெட்டிக்காரன்,
டாக்காவில் மூன்று பேர்,
வரிசை முப்பத்தொன்றில் நான்.
ஊர்ப் பெயரில் ஓரெழுத்தை விழுங்கியிருந்தான்.
தொகையில் ஒரு சென்ட் பிசகவில்லை.

வரிசை பதினேழு:
சென்னியப்பன் நிட்ஸ், ராயபுரம்.
பக்கத்துச் சந்து.
என் தொகையைப் போல மூன்று மடங்கு.

போன மாதம் பேக்கரியில் கேட்டேனே,
ஹெல்வார்டு பார்ட்டி எப்படீங்க?
"கொஞ்சம் இழுப்பானுங்க, குடுத்திருவான்,"
என்று பன்னை டீயில் முக்கினார்.
கோபம் வந்தது.
வந்து பாதியில் நின்றது.
சாயங்காலம் நூல் மில்லிலிருந்து போன் வந்தபோது
நான் மட்டும் என்ன சொன்னேன்?
"அடுத்த வாரம் வந்துருமுங்க."

என் கம்பெனிப் பெயருக்குக் கொக்கி போட்டுப் பார்த்தேன்.
ஒரே ஒரு முடிவு.
அதே தாள்.
நூல் மில்லுக்காரர் மகனுக்கும்
கழித்தல் குறி தெரிந்திருக்கும்.

மணி பதினொன்றே முக்கால்.
ஜன்னலில் அவர் கம்பெனி டியூப்லைட்.
போனை ஒரே மணியில் எடுத்தார்.

"ஏனுங், தூங்கலீங்களா?"
"பதினேழுங்க," என்றேன்.

அந்தப் பக்கம் அவர் மிஷின், இந்தப் பக்கம் என் மிஷின்,
போனுக்குள் ஒன்றாக ஓடின.

"முப்பத்தொண்ணுங்க," என்றார்.

அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டு:
"மனுப் போட வெள்ளிக்கிழமை கடைசியாமுங்க.
பதினாறாம் பக்கம் எனக்கு வெளங்கலீங்.
உங்களுக்கு?"